வலி நின்ற பல்லை மறந்துவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரூட் கேனல், அதாவது பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை அகற்றி வேரை நிரப்பும் சிகிச்சை, செய்த பல் உடம்பு முழுவதும் நஞ்சைப் பரப்பும், பின்னாளில் புற்றுநோய்க்கு வழிவிடும், ஆகவே அத்தகைய பற்களைப் பிடுங்கிப் போட்டுவிடுவதே நல்லது என்று கூறும் குரல் பதிவு ஒன்று, பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள நம்மவர் குடும்பங்களின் வாட்சாப் குழுக்களில் சுற்றி வருகிறது. என் உறவினர்கள் சிலரே அதை எனக்கு அனுப்பி, இது உண்மைதானா என்று கேட்டார்கள். அரசாங்கப் பல் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு. அந்தப் பதிலை இக்கடிதத்தின் பிற்பகுதியில் தருகிறேன். ஆனால், அந்தக் குரல் பதிவைக் காட்டிலும் அதிகமாக நம் மக்களைப் பல் இழக்கச் செய்வது வேறொரு நம்பிக்கை. வலி நின்றுவிட்டால் நோயும் தீர்ந்துவிட்டது என்பதே அது. ரூட் கேனல் சிகிச்சையைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை நம்மை இரண்டு இடங்களில் ஏமாற்றுகிறது. கிளினிக்குக்குப் போவதற்கு முன்பு ஒரு முறை. சிகிச்சை பாதியில் இருக்கும்போது இன்னொரு முறை.

பல்லின் வெளிப்புறம் எனாமல் என்னும் மிகக் கடினமான பூச்சு. அதற்கு உட்புறம் டென்டின் என்னும் பகுதி. இவற்றுக்கு நடுவே, வேரின் நுனி வரை இறங்கும் மெல்லிய குழாய்களில், நரம்பிழைகளும் இரத்த நாளங்களும் கலந்த பற்கூழ் இருக்கிறது. பேச்சு வழக்கில் நாம் 'நரம்பு' என்பது இதைத்தான். சொத்தை எனாமலையும் டென்டினையும் அரித்துக்கொண்டு இந்தக் கூழை நெருங்கும்போது அது அழற்சி அடைகிறது. உடம்பின் பெரும்பாலான பகுதிகளில் அழற்சி ஏற்பட்டால் வீங்கிக்கொள்ள இடம் இருக்கும். பற்கூழைச் சுற்றிலும் கல் போன்ற சுவர் இருப்பதால், அழுத்தம் உள்ளேயே ஏறி, நரம்பை நெரிக்கிறது. ஐஸ் போட்ட சென்டோல் சாப்பிடும்போது சுரீரென்று கூசி, சில நொடிகளில் அடங்கிவிடுமானால், பெரும்பாலும் அந்தக் கூழ் இன்னும் மீளக்கூடிய நிலையில் இருக்கிறது. சொத்தையை அகற்றி அடைத்தாலே போதும். குளிர்ந்ததோ சூடானதோ பட்ட பிறகு வலி நெடுநேரம் தங்குவதும், எதுவும் படாமலேயே தானாக எழுவதும், இரவில் படுத்தவுடன் கூடித் தூக்கத்தைக் கெடுப்பதும் கூழ் மீள முடியாத நிலைக்குப் போய்விட்டதன் அடையாளங்கள். இந்த இரண்டு கட்டங்களுக்கும் இடையில் சில வாரங்களோ சில மாதங்களோ இருக்கலாம். அந்தக் காலத்தில் வருகிறவருக்குச் செலவும் குறைவு, சிகிச்சையும் எளிது.

மீள முடியாத நிலையிலும் வராமல், வலிமாத்திரையோடு நாள்களைக் கடத்துகிறவருக்கு ஒரு காலையில் வலி திடீரென்று நின்றுவிடுகிறது. குலதெய்வம் காப்பாற்றியது என்று நிம்மதி அடைகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மையில் நடந்தது என்னவென்றால், பற்கூழ் செத்துவிட்டது. செத்த நரம்பால் வலியை உணர்த்த முடியாது. ஆனால் அழுகிய கூழில் பெருகும் கிருமிகள் வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குகின்றன. எலும்பு அங்கே மெல்லக் கரைகிறது. எக்ஸ்ரே எடுத்தால் வேர் நுனியைச் சுற்றி ஒரு கருநிழலாக அது தெரியும். சிலருக்கு ஈறில் சிறு கொப்புளம் ஒன்று தோன்றி, உடைந்து, மறுபடியும் தோன்றும். சீழ் வடிவதற்கு வழி கிடைத்துவிட்டதால் அவர்களுக்கு வலியே இருக்காது. அதனால்தான் அந்தக் கொப்புளத்தோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துவிடுகிறார்கள். அரிதாகச் சிலருக்கு அந்த வழி வாய்க்குள் திறக்காமல், மோவாய்க்குக் கீழோ தாடை ஓரத்திலோ தோலில் திறக்கும். தோல் கட்டி என்று எண்ணிக் களிம்பு தடவிக்கொண்டே இருப்பார்கள், கட்டி ஆறாது. முகத்தில் ஒரே இடத்தில் ஆறாமல் கசியும் கட்டி இருந்தால், பல்லையும் ஒரு முறை சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று வாசகர்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். பள்ளிப் பருவத்தில் கீழே விழுந்து முன்பல்லில் அடிபட்டு, பல ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பல் மட்டும் சாம்பல் நிறமாவதும் இதே கதைதான். அங்கே சொத்தையே இல்லாமல் கூழ் செத்திருக்கிறது.

பல்வலி வந்தால் பார்மசிக்குப் போய் ஆன்டிபயாட்டிக் கேட்பதும், வீட்டில் வேறு யாருக்கோ கொடுத்து மிஞ்சியதை விழுங்குவதும் நம்மிடையே மிகச் சாதாரணமாகிவிட்டன. ஆன்டிபயாட்டிக் இரத்தத்தின் வழியாகவே நோயுள்ள இடத்தை அடைகிறது. பற்கூழ் செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டமே கிடையாது. ஓர் அறைக்குப் போகும் குழாயைத் துண்டித்துவிட்டு, மாடியிலுள்ள தொட்டியில் மருந்தைக் கலப்பதைப் போன்றது அது. வீடெங்கும் மருந்து போகும், அந்த அறைக்கு மட்டும் போகாது. வேரைச் சுற்றியுள்ள வீக்கம் சற்றே வற்றும், வலி குறையும், உள்ளே கிருமிக்கூடு அப்படியே இருக்கும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, உடல்நலம் உள்ள பெரியவர்களுக்குப் பற்கூழ் அழற்சிக்கோ வேர் நுனியில் மட்டும் தங்கியுள்ள கட்டிக்கோ உடனடியாகப் பல் சிகிச்சை கிடைக்குமானால் ஆன்டிபயாட்டிக் தர வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. காய்ச்சல் இருந்தாலோ வீக்கம் பரவினாலோ அது தேவைப்படும். அப்போதும் அது சிகிச்சைக்குத் துணையே தவிர மாற்று ஆகாது. ஆகவே, மருத்துவர் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுக்கவில்லை என்பதற்காக அவர்மேல் குறைபட வேண்டாம்.

வலிமாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் பல்வலி என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது போன்ஸ்டன். அதுவும் ஐபுபுரொஃபென் போன்ற மாத்திரைகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் ஆகாதவை. டெங்கி என்று சந்தேகம் இருக்கும் காய்ச்சலில் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. பல்வலியோடு காய்ச்சலும் இருந்தால், காய்ச்சலுக்குக் காரணம் பல்தான் என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் நரம்பைச் சற்று அடக்கும் என்பது உண்மை. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் தற்காலிக அடைப்புகள் சிலவற்றில் அதே பொருள்தான் இருக்கிறது. பாலிக் பூலாவ் பக்கத்துத் தோட்டங்களில் விளைந்த கிராம்பைச் சொத்தைக் குழியில் வைத்துப் பழகிய நம் பாட்டிமார் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை. ஆனால் அது ஓரிரவைக் கடத்த உதவுவது. ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லின் மேல் ஒதுக்கி வைத்துக்கொள்வதோ ஈறைச் சுட்டுப் புண்ணாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

பல் சீழால் உயிருக்கே ஆபத்து வரும் நிலை ஒன்று உண்டு. கீழ்க் கடைவாய்ப்பற்களின் சீழ் நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் பரவினால், நாக்கு மேலே தூக்கப்பட்டு மூச்சுக்குழல் நெருக்கப்படலாம். 1836இல் லுட்விக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் விவரித்ததால் இந்நோய் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தாடைக்குக் கீழ் இரு புறமும் கடினமாக வீங்குவது, வாயைத் திறக்க முடியாமை, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிடுவது, குரல் மாறுவது, மூச்சு விடச் சிரமப்படுவது, மேல்பல் வீக்கம் கண்ணை மூடும் அளவுக்கு ஏறுவது ஆகியவற்றில் எது தோன்றினாலும், பல் கிளினிக் திறக்கும் வரை காத்திராமல் நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். நள்ளிரவாக இருந்தாலும் போக வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, இந்நாட்டில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறியது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அது மிகவும் கூடுதல். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது சீழ் வேகமாகப் பரவுகிறது, வேர் நுனியில் கரைந்த எலும்பும் மெதுவாகவே மீள்கிறது. அதே வேளையில், நீரிழிவு இருந்தால் ரூட் கேனல் செய்யக்கூடாது என்று எண்ணுவதும் தவறு. அன்று காலை மருந்தையும் உணவையும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டு வந்தால் போதும். பட்டினியாக வருவதுதான் ஆபத்து. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவர்கள், அம்மருந்தைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வரவே கூடாது. பல் பிடுங்குவதைவிட ரூட் கேனல் அவர்களுக்குப் பெரும்பாலும் பாதுகாப்பானது, ஏனெனில் அதில் இரத்தப்போக்கு மிகக் குறைவு. எலும்புத் தேய்மானத்துக்காகவோ புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்காகவோ சில வகை மருந்துகளைப் பெறுகிறவர்களுக்குப் பல்லைப் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு என்பதால், பல்லைக் காப்பாற்ற முடியுமானால் காப்பாற்றுவதே மேல். இவற்றை எல்லாம் மருத்துவர் தீர்மானிக்க வேண்டுமானால், நீங்கள் உண்ணும் மருந்துகளின் பட்டியலைக் கையில் கொண்டுவர வேண்டும். வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் மாத்திரை ஒன்று என்றால் அவரால் எதையும் அறிய இயலாது.

எந்தப் பல் வலிக்கிறது என்று நோயாளி சுட்டிக்காட்டும் பல் சில வேளைகளில் குற்றமற்றதாக இருக்கும். கீழ்ப்பல்லின் வலி மேல்பல்லிலும் காதிலும் உணரப்படலாம். அதனால்தான் மருத்துவர் குளிர்ச்சியை வைத்துப் பார்க்கிறார், தட்டிப் பார்க்கிறார், பக்கத்துப் பற்களையும் சோதிக்கிறார், எக்ஸ்ரே எடுக்கிறார். அந்த நேரத்தை அவருக்குக் கொடுங்கள். சோதனை ஏதும் இன்றி நாற்காலியில் அமர்ந்த உடனே துளையிடத் தொடங்கினால், எந்த ஆதாரத்தில் இந்தப் பல் என்று முடிவு செய்தீர்கள் எனக் கேளுங்கள். மாடிப்படி ஏறும்போது கீழ்த்தாடையில் வலி வந்து, நின்றவுடன் அடங்குமானால், அது பல்லாக இல்லாமல் இதயமாக இருக்கலாம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆழமான சொத்தை என்றாலே ரூட் கேனல்தான் என்ற நிலையும் இப்போது இல்லை. 1990களில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட எம்.டி.ஏ. என்னும் சிமெண்டும் அதன் வழிவந்த பொருள்களும் வந்த பிறகு, கூழில் கெட்ட பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, நல்ல பகுதியை மூடிக் காப்பாற்றும் முறை பரவலாகி வருகிறது. ஐரோப்பிய வேர் சிகிச்சைச் சங்கம் 2019இல் இது குறித்துத் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. உங்கள் பல்லுக்கு அது பொருந்துமா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இனி நாற்காலியில் நடப்பதைச் சொல்கிறேன், ஏனெனில் பயம்தான் பலரைத் தள்ளிப்போடச் செய்கிறது. மரத்துப்போகும் ஊசி போடப்பட்ட பிறகு சிகிச்சையில் வலி தெரியக்கூடாது. கடும் அழற்சியில் இருக்கும் கீழ்க் கடைவாய்ப்பல் மட்டும் ஒரே ஊசிக்கு அடங்காமல் இருக்கலாம். பல்லின் ஓரத்திலோ எலும்பிலோ கூடுதல் ஊசி போட்டு அதை அடக்கும் வழிகள் உண்டு. வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காமல் கையை உயர்த்துங்கள். பொறுத்துக்கொள்வதைப் பண்பாகக் கருதும் நம் தாய்மார்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1965இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர் எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டுக் கவனித்தார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளின் பற்கூழ், உணவுத் துணுக்குகள் உள்ளே போன பிறகும்கூட, தானாக ஆறிப் புதிய டென்டினால் மூடிக்கொண்டது. சாதாரண எலிகளுக்கோ கூழ் செத்துச் சீழ் பிடித்தது. இந்நோய்க்குக் காரணம் கிருமியே என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. ரூட் கேனல் சிகிச்சையின் ஒவ்வொரு படியும் கிருமியை வெளியேற்றி, மீண்டும் நுழையாமல் தடுப்பதற்காகவே அமைந்திருக்கிறது. பல்லை மட்டும் வெளியே காட்டி வாயின் மற்ற பகுதியை மூடும் ரப்பர் விரிப்பு 1864 முதல் பல் மருத்துவத்தில் இருக்கிறது. எச்சிலிலுள்ள கிருமி வேருக்குள் இறங்காமலும், ஊசி போன்ற சிறு கருவிகள் தொண்டைக்குள் நழுவாமலும் அது காக்கிறது. மூச்சு முட்டுமோ என்று அஞ்சி அதை வேண்டாமென்று சொல்லாதீர்கள். அது போடப்படவில்லை என்றால், போட முடியுமா என்று கேளுங்கள். பிறகு மெல்லிய அரங்களால் குழாய்கள் சுத்தம் செய்யப்பட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவப்படுகின்றன. துணி வெளுக்கும் திரவத்தின் வாடை வருவது அதனால்தான். முன்பல்லில் பெரும்பாலும் ஒரே குழாய். கடைவாய்ப்பல்லில் மூன்று, சில வேளைகளில் நான்கு. மேல்தாடைக் கடைவாய்ப்பல்லில் ஒளிந்திருக்கும் நான்காவது குழாயைக் கண்டுபிடிக்காமல் விடுவது சிகிச்சை தோற்பதற்கு அறியப்பட்ட ஒரு காரணம். கடைவாய்ப்பல்லுக்கு நேரமும் பணமும் அதிகம் ஆவது இதனால்தான்.

சுத்தமான குழாய்களை நிரப்பப் பயன்படும் கட்டப்பெர்ச்சா நம் மண்ணின் பொருள் என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். மலாயாக் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பாலிலிருந்து எடுக்கப்பட்ட அது, 1840களில் சிங்கப்பூர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று, 1851இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் போடப்பட்ட தந்திக் கம்பிக்கு உறையாயிற்று. 19ஆம் நூற்றாண்டிலேயே பல் மருத்துவர்கள் அதை வேருக்குள் நிரப்பத் தொடங்கினார்கள்; உடம்பு அதை எதிர்ப்பதில்லை என்பதால் இன்று வரை அதற்கு ஈடான பொருள் எளிதில் அமையவில்லை. ரப்பர் மரத்தின் பாலோடு வாழ்ந்த சமூகம் நாம். இன்னொரு மரத்தின் பால் நம் பல் வேருக்குள் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இப்போது இரண்டாவது ஏமாற்றத்துக்கு வருகிறேன். முதல் நாளில் கூழை அகற்றித் தற்காலிக அடைப்பு வைத்தவுடன் வலி போய்விடும். ஓரிரு நாள் கடிக்கும்போது இலேசான நோவு இருந்து, அதுவும் மறையும். அதன் பிறகு நோயாளி வருவதில்லை. தீபாவளிச் செலவு முடியட்டும், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் முடியட்டும், தைப்பூசம் கழியட்டும் என்று மாதங்கள் ஓடிவிடும். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு மட்டுமே தாங்கும்படி ஆனது. அது தேய்ந்து விரிசல் விட்டவுடன் எச்சில் உள்ளே கசிகிறது. சுத்தம் செய்த குழாய்களில் கிருமி மறுபடியும் குடியேறுகிறது. நரம்பு இல்லாததால் இந்த முறை எச்சரிக்கை வலி வராமலே போகலாம். வேரை முழுவதும் நிரப்பி முடித்தவர்களில்கூடப் பலர் கடைசிப் படியான கிரௌனை, அதாவது பல் முழுவதையும் மூடும் உறையை, ஆடம்பரம் என்று எண்ணித் தவிர்க்கிறார்கள். சொத்தையிலும் சிகிச்சையிலும் உட்பகுதியை இழந்த கடைவாய்ப்பல்லின் சுவர்கள் மெலிந்திருக்கும். முறுக்கையோ எலும்பையோ கடிக்கும்போது அது நெடுக்காகப் பிளந்துவிட்டால், எந்த மருத்துவராலும் அதைக் காப்பாற்ற இயலாது. செய்த ரூட் கேனலுக்குக் கொடுத்த பணமும் அதோடு போயிற்று.

இது என் அனுபவத்தில் மட்டும் கண்டது அல்ல. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, ரூட் கேனல் செய்தபின் கிரௌன் போடாத பற்கள், போட்ட பற்களைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாகக் கண்டது. 2004இல் வெளியான மற்றொன்று, பல் காப்புறுதிப் பதிவேடுகளிலிருந்து 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட பற்களை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 97 விழுக்காடு பற்கள் வாயிலேயே இருந்தன. பிடுங்கப்பட்டவற்றில் 85 விழுக்காட்டுக்கு முழு உறை இல்லை. பல் வாயில் இருப்பது என்பதும், வேர் நுனி முழுதாக ஆறிவிட்டது என்பதும் ஒன்றல்ல என்பதை நான் மறைக்கவில்லை. கடும் அளவுகோலால் அளந்தால் வெற்றி விகிதம் இதைவிடக் குறையும். ஆனாலும் கடைசிப் படி எவ்வளவு பெரியது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. எல்லாப் பல்லுக்கும் கிரௌன் தேவை என்றும் சொல்லமாட்டேன். பெரிதும் சேதமடையாத முன்பல்லுக்கு நல்ல அடைப்பே போதும். கடைவாய்ப்பல்லுக்குத்தான் அது பெரும்பாலும் இன்றியமையாதது.

பணம்தான் தடை என்பதை நான் அறிவேன். தனியார் கிளினிக்கில் கடைவாய்ப்பல்லின் ரூட் கேனல் 1,000 ரிங்கிட்டைத் தாண்டுவது சாதாரணம். கிரௌனுக்குத் தனிச் செலவு. ஆகவே தொடங்கும் முன்பே, வேர் சிகிச்சை, அடைப்பு, கிரௌன் மூன்றுக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும், எத்தனை தவணையில் கட்டலாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிரௌனுக்கு வழியே இல்லை என்றால் அதையும் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அரசாங்கப் பல் கிளினிக்கில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் காத்திருக்கும் வரிசை நீளம், கடைவாய்ப்பல் என்றால் நிபுணரிடம் அனுப்பப்படும் காலம் இன்னும் நீளம். அதனால்தான் வலி தொடங்கும்போதே பெயரைப் பதிந்துவிட வேண்டும் என்கிறேன். 2024 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரிடம் செய்துகொண்ட பல் சோதனைக்கும் சிகிச்சைக்கும் 1,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கோரலாம். இதை அறியாமல் இரசீதைக் குப்பையில் போடுகிறவர்கள் பலர்.

பல்லைப் பிடுங்கிவிடுவதே சில வேளைகளில் சரியான முடிவு என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வேர் பிளந்திருந்தால், ஈறுநோயால் எலும்புப் பிடிப்பே போயிருந்தால், கிரௌனைத் தாங்கும் அளவுக்குப் பல் மிஞ்சாமல் இருந்தால், ரூட் கேனல் செய்வது பணவிரயம். அப்படி அல்லாத பல்லைச் செலவுக்கு அஞ்சிப் பிடுங்கினால், பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்கிறது, எதிர்ப்பல் இறங்குகிறது அல்லது ஏறுகிறது, மெல்லும் திறன் குறைகிறது. பிறகு அந்த இடத்தை நிரப்ப இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல், போடும் செலவு, தவிர்த்த ரூட் கேனலையும் கிரௌனையும் மிஞ்சிவிடும்.

குரல் பதிவுக்கு வருகிறேன். அதில் கூறப்படுவது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1910இல் வில்லியம் ஹண்டர் என்னும் இலண்டன் மருத்துவர் கனடாவின் மொன்ட்ரியலில் ஆற்றிய உரையில், வாயிலுள்ள அழுக்கே உடம்பின் பல நோய்களுக்கு வேர் என்று கூறினார். 1920களில் வெஸ்டன் பிரைஸ் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர், ரூட் கேனல் செய்த பற்களை முயல்களின் தோலுக்கடியில் வைத்துச் செய்த சோதனைகளைக் கொண்டு அதையே வலியுறுத்தினார். அந்த ஆண்டுகளில் மூட்டுவலிக்கும் மனநோய்க்கும்கூட நல்ல பற்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடுங்கினார்கள்; பல் போன பின்னும் மூட்டுவலி போகவில்லை. பின்வந்த ஆய்வாளர்கள் பிரைஸின் சோதனைமுறைகளில் இருந்த குறைகளைக் காட்டினார்கள். நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. முறையாகச் செய்த ரூட் கேனல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று எதுவும் இல்லை. நாள்பட்ட சீழை வேரில் வைத்துக்கொண்டிருப்பது உடம்புக்கு நல்லதல்ல என்பது மட்டும் மெய். அந்தச் சீழை நீக்குவதற்குத்தான் இந்தச் சிகிச்சையே.

சிகிச்சை தோற்பதும் உண்டு. மெல்லிய அரம் ஒன்றின் நுனி குழாய்க்குள் முறிந்து தங்கிவிடலாம். அதனால் மட்டுமே பல் கெட்டுவிடாது, ஆனால் அதை உங்களிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுத வேண்டியது மருத்துவரின் கடமை. வலி மீண்டாலோ, ஈறில் கொப்புளம் மறுபடி தோன்றினாலோ, அதே பல்லுக்கு மீண்டும் ரூட் கேனல் செய்யலாம், அல்லது வேர் நுனியைச் சிறு அறுவை செய்து நீக்கலாம். முதல் முறை எடுத்த எக்ஸ்ரே கையில் இருந்தால், அடுத்த மருத்துவருக்கு அது பேருதவி. வலியே இல்லாவிட்டாலும் ஓராண்டு கழித்து ஒரு முறை எக்ஸ்ரே எடுத்து, கரைந்த எலும்பு மீண்டு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருநிழல் சுருங்கியிருப்பதுதான் குணத்தின் அடையாளம். 2018ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. உங்களுக்குச் சிகிச்சை அளிப்பவர் மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று யாரும் சரிபார்க்கலாம். வீட்டிலோ அழகு நிலையத்திலோ மலிவாகப் பல் வேலை செய்கிறேன் என்பவர்களிடம் போய்விட்டுப் பிறகு வந்தவர்களின் வாயை நான் பார்த்திருக்கிறேன்; அந்தத் துயரம் வேறு யாருக்கும் வேண்டாம்.

பினாங்கிலுள்ள கிளினிக்குகளுக்கும், கோயில்களிலும் சங்கங்களிலும் மருத்துவ முகாம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரூட் கேனல் தொடங்கிய ஒவ்வொரு நோயாளியிடமும் தமிழில் ஒரு பக்கத் தாளைக் கொடுத்தனுப்புங்கள். எந்தப் பல், எத்தனை குழாய், தற்காலிக அடைப்பை எந்தத் தேதிக்குள் மாற்ற வேண்டும், கிரௌனுக்கு எப்போது வர வேண்டும், எந்த அறிகுறி தோன்றினால் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும் என்பவை மட்டும் பெரிய எழுத்தில் அதில் இருந்தால் போதும். மலாயிலும் ஆங்கிலத்திலும் தரப்படும் தாள்களை நம் வீட்டு முதியவர்கள் மடித்துப் பையில் வைத்துக்கொள்வதோடு சரி. முகாமுக்கு வருகிறவர்களிடம், ரூட் கேனல் தொடங்கி முடிக்காமல் விட்ட பல் இருக்கிறதா என்று தனியே ஒரு கேள்வியும் கேளுங்கள். இத்தாளுக்கான தமிழ் வாசகத்தைக் கட்டணம் ஏதுமின்றி எழுதிக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். வேண்டுகிறவர்கள் ஆசிரியர் வழியாக என்னைத் தொடர்பு கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசாங்கப் பல் மருத்துவர்,
பட்டர்வொர்த், பினாங்கு.